மலிவான ரிம்

ஞாயிறு காலை ஏழு இருபதுக்குக் கயலின் பின்சக்கரம் சத்தம் போட்டது. பெரிய சத்தமில்லை, காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி ஒன்று. பல்லாவரத்தைத் தாண்டி, வேலை நின்றுபோன கல்குவாரி ஒன்றின் மேட்டிலிருந்து ஐந்து பேர் மலைச் சைக்கிளில் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜொவிட்டா கயலுக்குப் பின்னால் வந்தாள். கயல் விழவில்லை. இரண்டு பிரேக்கையும் பதறாமல் பிடித்து, சரளையில் கொஞ்சதூரம் சறுக்கி நின்றாள். இறங்கி, சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை அது சட்டத்தில் உரசியது. ஆரக்கம்பி நுழையும் துளை ஒன்றின் அருகே ரிம்மின் கறுப்புக் கார்பன் பிளந்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

செந்தில்குமார் முதலில் வந்து குனிந்து பார்த்தான். குழுவை ஆரம்பித்தவன் அவன். பெருங்குடியில் மென்பொருள் வேலை. அவனுடைய சைக்கிளின் சக்கரங்கள் இரண்டையும் விற்றால் ஒரு பழைய கார் வாங்கலாம்.

“நான் அப்பவே சொன்னேன் கயல். கார்பன்ல மட்டும் சீப்பா போகக் கூடாது. செயின் அறுந்தா நடந்து வீட்டுக்குப் போலாம். ரிம் ஒடைஞ்சா பல்லைப் பொறுக்கிட்டுப் போகணும்.”

“பின்னாடி அக்கா வந்துகினுதானே இருந்துச்சு. அது பொறுக்கிக் குடுத்திருக்கும்,” என்றாள் கயல்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வழக்கமாகச் செந்தில்குமார் ஒன்று சொன்னால் அவள் நாலு சொல்வாள். அன்றைக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். சாலை வரைக்கும் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். வேறு யாரையும் பிடிக்க விடவில்லை.

அந்த ரிம்களை அவள் வாங்கிய கதை குழுவில் எல்லோருக்கும் தெரியும். அடையாறில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் கயல். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்து அகற்றியபோது அவளுக்குப் பதினாறு வயது. குடும்பம் பெரும்பாக்கத்துக்குப் போனது. அங்கிருந்து அடையாறுக்கு விடியும் முன் சைக்கிள் மிதித்து வந்தே அவளுக்குக் கால் உருவானது. ஒரு நாள் செந்தில்குமாரின் சைக்கிளைக் கடன் வாங்கிக் குவாரி மேட்டில் ஏறினாள். இறங்கி வந்தவள் சைக்கிளைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தாள். “இது மிதிச்சா மிதிச்ச நொடியே போவுது. என்னுது கொஞ்சம் யோசிச்சிட்டுப் போவுது” என்றாள். பிறகு நாலு மாதம் பேருந்திலும் சாப்பாட்டு வேளையிலும் கைப்பேசியில் அதையே படித்தாள். பெயர் பெற்ற கம்பெனிகளுக்கு ரிம் செய்து தரும் சீனத் தொழிற்சாலைகள் சில, பெயர் ஒட்டாமல் நேரடியாகவும் விற்கின்றன என்று கண்டுபிடித்தாள். எத்தனை பேர் வாங்கி எத்தனை பேருக்கு உடைந்தது என்று விசாரித்தாள். பணம் கட்டினாள். பெட்டி மீனம்பாக்கத்தில் சுங்கத்தில் பதினோரு நாள் கிடந்தது. வந்த அன்று அடையாறு காய்கறிக்கடைத் தராசில் வைத்து நிறுத்தாள். நானூறு கிராம் என்று சொன்னது நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது. “பன்னெண்டு கிராம்தானே, ஒரு பச்சமொளகா” என்றாள். அவளுடைய அம்மா வேலம்மா ஒரே விரலில் ரிம்மைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக் வளையமாடி? இதுக்கா சீட்டு எடுத்த?” என்று கேட்டாளாம்.

அந்த ரிம்களில் கம்பி கோத்தது ஜொவிட்டா.

ஜொவிட்டா தி. நகரில் ஒரு பள்ளியில் வயலின் சொல்லிக்கொடுக்கிறாள். மயிலாப்பூரில் பங்குக் கோயிலின் பாடகர் குழுவைப் பத்து வருடமாக நடத்துகிறாள். சக்கரம் கோப்பது அவளுக்குத் தொழில் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் தன்னுடைய சக்கரத்தைத் தானே கோத்துப் பார்த்தாள், பிடித்துவிட்டது. அப்போது ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் இனாயத், கம்பியின் இழுவிசையை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்து, எல்லாக் கம்பியிலும் நூற்றெட்டு கிலோ இருக்கிறது, இதுதான் சரி என்றார். அவள் ஒரு கம்பியை நகத்தால் சுண்டினாள். ஜி. பியானோவில் நடு சி-க்கு மேலே இருக்கும் ஜி. பிறகு அவளுக்கு மீட்டர் தேவைப்படவில்லை. ஜி வரும்வரை முறுக்குவாள், ஜி வந்தால் நிறுத்துவாள். குழுவில் இருபதுக்கு மேல் சக்கரம் கோத்திருக்கிறாள். ஒன்றும் கோணவில்லை. ஒன்றும் உடையவில்லை. அவள் கோத்த சக்கரத்தைக் கொடுக்கும்போது ஒரு பழக்கம் உருவாகியிருந்தது. சக்கரத்துக்குச் சொந்தக்காரர் உட்கார வேண்டும், அவள் சுற்றுவாள், அவர்கள் ஒவ்வொரு கம்பியாகச் சுண்ட வேண்டும். கயல் இருபத்தெட்டையும் சுண்டிவிட்டு, “எல்லாம் ஒரே மாதிரி கத்துதுக்கா” என்றாள். “உன் காதுலயே மீட்டர் கீது.”

ஞாயிறு மாலைக்குள் குழுவின் வாட்ஸப்பில் உடைந்த ரிம்மின் படம் சுற்றி முடிந்திருந்தது. குழுவில் இருக்கும் ஆதில் அதற்கு நூடுல்ஸ் படம் ஒன்று போட்டான். யாரோ அழுகிற முகம் போட்டார்கள். கயல் ஒன்றும் போடவில்லை. அடுத்த ஞாயிறு ஏலகிரியில் பந்தயம். அதில் முதல் நாலு பெண்களுக்குள் வந்தால் மாநில அணியின் முகாமுக்குக் கூப்பிடுவார்கள். பின்பக்கத்துக்குப் பழைய அலுமினியச் சக்கரத்தை மாட்டிக்கொள்வதாகவும், முன்பக்கம் கார்பனே இருக்கட்டும் என்றும் ஜொவிட்டாவிடம் மட்டும் சொன்னாள். உடைந்ததற்கு மாற்று கேட்டுக் கம்பெனிக்கு எழுதும் வேலையையும் அவளிடமே கொடுத்தாள். “இங்கிலீஷ் நீயே போடுக்கா. நான் போட்டா சண்டைக்கு இழுக்குற மாதிரி கீது.”

செவ்வாய்க்கிழமை பள்ளியில் இடைவேளை. ஜொவிட்டா ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சீனாவிலிருந்து வந்த பதிலைப் படித்தாள். எழுதியவள் பெயர் லின். வருத்தம் தெரிவித்திருந்தாள். மாற்று ரிம் அனுப்பத் தயார், நாலு விவரம் மட்டும் வேண்டும் என்றிருந்தாள்: படம், ஓட்டுபவரின் எடை, கம்பியின் நீளம், கம்பியின் இழுவிசை. பெட்டியில் வந்த தாளையும் இணைத்திருந்தாள். இழுவிசை நூற்றிருபது கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. ஜொவிட்டா அதை முன்பே படித்திருந்தாள். நூற்றெட்டுதானே என்று விட்டுவிட்டாள்.

எடை ஐம்பத்தாறு என்று அடித்தாள். கம்பியின் நீளத்தைக் கைப்பையிலிருந்த நோட்டைப் பிரித்துப் பார்த்து இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று அடித்தாள். இழுவிசை நூற்றெட்டு என்று அடித்தாள். நோட்டின் அதே பக்கத்தில், மேலே, பழைய சக்கரங்களின் நீளம் இருந்தது. இருநூற்று அறுபத்துநாலு. இருநூற்று அறுபத்துநாலு. இருநூற்று அறுபத்திரண்டு. அதுவரை அவள் கோத்ததெல்லாம் இருபத்தாறு இஞ்ச் சக்கரம். கயலுடையது இருபத்தொன்பது.

சற்று முன்புதான் வகுப்பில் அதைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். முக்கால் அளவு வயலினிலிருந்து முழு அளவு வயலினுக்கு மாறியவர்களுக்கு விரல் வலிக்கிறது. ஏன் வலிக்கிறது என்று கேட்டார்கள். தந்தி நீளமாகிவிட்டது, ஆனால் அதே சுருதி வர வேண்டும், அதனால் இன்னும் இறுக்கமாக இருக்கும் என்று சொன்னாள். பதினெட்டு வருடமாக அதைச் சொல்கிறாள்.

நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். நூற்றுமுப்பத்திரண்டு வந்தது. மறுபடி போட்டாள். அதே எண் வந்தது. அடித்திருந்த நூற்றெட்டை அழித்தாள். அந்த இடத்தில் வேறொன்றும் அடிக்கவில்லை. மணி அடித்தது. கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாள்.

ரிம்மில் ஒன்றுமில்லை. கண்டுபிடித்து, விசாரித்து, நிறுத்துப் பார்த்து வாங்கிய பெண் எதிலும் தவறவில்லை. அளவுக்கு மேல் இழுத்த கம்பிகளோடு அந்த ரிம் ஐந்து வாரம் குவாரியில் இறங்கி ஏறியிருக்கிறது. அது உடைந்ததில் அதிசயமில்லை, ஐந்து வாரம் தாங்கியதில்தான். முன்சக்கரமும் அதே சுருதியில்தான் இருந்தது. பேருந்தில் வரும்போது ஜொவிட்டா முன்சக்கரத்தை மட்டும் நினைத்தாள். பின்சக்கரம் உடைந்தால் சறுக்கி நிற்கலாம். முன்சக்கரம் உடைந்தால் நிற்க முடியாது, தலைக்குப்புறத்தான். உடனே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று கைப்பேசியை எடுத்தாள். திறந்ததும் நூடுல்ஸ் படம் வந்தது. அதன் கீழே செந்தில்குமார் எழுதியிருந்தான்: ‘ஜொவிட்டா அக்கா கோத்தே நிக்கலன்னா அது ரிம்மே இல்ல.’ பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். பேருந்து நந்தனத்தில் நின்று ஆள் ஏற்றியது. கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். ஃபிரெட்ரிக் வங்கியில் வேலை செய்கிறவன். சைக்கிளில் அக்கறை இல்லாதவன். அதனால்தான் அவனிடம் சொன்னாள்.

“ரிம் ஒடைஞ்சதுக்குக் காரணம் நானா இருக்கலாம் ஃபிரெட். ரொம்ப இழுத்துக் கட்டிட்டேன்.”

“சீப்பா வாங்கினது ஜோ. ஒடையத்தான் செய்யும். நீ ஏன் உன் தலையில எடுத்துப் போட்டுக்கற?”

“அது சீப்புன்னு ஒடையல.”

“யாராவது உன்னைச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?” என்று ரசத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

யாரும் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குச் சிக்கலாக இருந்தது. மலிவான ஒரு பொருள் நடுவில் இருந்தது. எல்லாப் பழியும் தானாகவே போய் அதில் உட்கார்ந்துகொண்டது. வேறு யாரையும் தேடும் தேவை ஒருவருக்கும் வரவில்லை. கயலுக்கும் வரவில்லை.

புதன்கிழமை கயலே கூப்பிட்டாள். பின்னணியில் யாரோ பளுவைத் தரையில் போடும் சத்தம்.

“சைனாக்காரிக்குப் போட்டியாக்கா?”

“போடணும். ஒரு விவரம் பாக்கி. கயல், அந்த முன் வீலைக் கழட்டி எடுத்துட்டு வா. ஒரு தடவை பாத்துடறேன்.”

“முன்னாடி சூப்பரா கீதுக்கா. கோணல்கூட இல்ல.”

“இருந்தாலும் பாக்கணும்.”

“நீ கோத்ததுக்கா. அதுல பாக்க இன்னா கீது?”

ஜொவிட்டாவுக்குப் பதில் இருந்தது. ஒரு வாக்கியம்தான். அதற்குள் கயல் யாரிடமோ, “முதுக வளைக்காத ஷீலா, அப்புறம் வீட்டுக்காரருகிட்ட நான்தான் திட்டு வாங்கணும்” என்று கத்தினாள். மறுபடி போனுக்கு வந்து, “வெள்ளிக்கிழமை வரேன். காபி போட்டு வையி” என்றாள். வைத்துவிட்டாள்.

ஜொவிட்டா மறுபடி அழைக்கவில்லை. குவாரிக்கு அவர்கள் ஞாயிறுகளில்தான் போவது. அதற்குள் வெள்ளி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். பெரும்பாக்கத்திலிருந்து அடையாறு வரைக்கும் தார்ச்சாலை. தார்ச்சாலையில் ஒன்றும் ஆகாது. அன்று முழுக்க இதை அவள் பலமுறை நினைத்தாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வீடியோ வந்தது. கயல் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் குவாரிக்குப் போயிருந்தாள். தலைக்கவசத்தில் கட்டிய கேமராவில் எடுத்தது. ‘ஏழு வாட்டி எறங்கினேங்கா, கடைசில பிரேக்கே புடிக்கல’ என்று கீழே எழுதியிருந்தது. ஜொவிட்டா பள்ளி மாடிப்படியின் திருப்பத்தில் நின்று, ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள். படத்தில் கறுப்பு வளையம் கற்கள் மேல் துள்ளித் துள்ளி இறங்கியது. சரளை நொறுங்கியது. காற்று இரைந்தது. கயல் ஏதோ பாடினாள். ஜொவிட்டா வேறொரு சத்தத்துக்காகக் காத்திருந்தாள். மூன்று நிமிடம் பதினோரு வினாடி. அது வரவில்லை. வீடியோ முடிந்ததும் ‘இனி அந்த வீல்ல போகாதே’ என்று அடித்தாள். அதை அழித்து, ‘நாளைக்குக் கண்டிப்பா கொண்டு வா’ என்று அனுப்பினாள். கயல் இரண்டு காபிக் கோப்பைகள் போட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கயல் வந்தாள். முன்சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, கச்சேரி சாலையில் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வந்திருந்தாள். ஜொவிட்டாவின் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன இடம். சக்கரத்தைப் பொருத்திச் சுற்றும் தாங்கியும் நாலு டப்பாக்களும் அங்கே இருக்கும். கயல் படியில் உட்கார்ந்து காபி குடித்தாள். ஜொவிட்டா கீழே உட்கார்ந்து சக்கரத்தைத் தாங்கியில் மாட்டினாள். என்ன செய்வது என்று முந்தின நாளே தீர்மானித்திருந்தாள். ஒவ்வொரு கம்பியிலும் அரைச் சுற்று தளர்த்த வேண்டும். இருபத்தெட்டு கம்பி, இருபது நிமிடம். சக்கரம் பாதுகாப்பாகிவிடும். கயல் பந்தயத்துக்குப் போவாள். மாற்று ரிம்மைத் தன் செலவில் வரவழைத்து, கம்பெனி அனுப்பியதாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கம்பி முறுக்கும் சாவியைக் கம்பியின் அடியில் பொருத்தித் திருப்பினாள். முதல் கம்பி இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது.

“அம்மாகிட்ட சொல்லிட்டேங்கா,” என்றாள் கயல். “பின்னாடி வளையம் ஒடைஞ்சிடுச்சுன்னு. திட்டும்னு பாத்தேன். திட்டல. நம்பளுக்கு எதுக்குடி இதெல்லாம்னு கேட்டுட்டு அரிசி களைய ஆரம்பிச்சிடுச்சு.”

ஜொவிட்டா நாலாவது கம்பியைத் திருப்பினாள்.

“கரெக்டுதான். நாலு மாசம் படிச்சேன். எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஆனா சீப்பா கெடைக்குறது சீப்பாத்தான் இருக்கும். செந்திலு கத்தினப்ப அறையணும்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், அந்தாளு சரியாத்தானே சொன்னாரு. நாந்தான் கேக்கல.” கோப்பையின் அடியில் இருந்த சர்க்கரையை விரலால் வழித்தாள். “ரேஸ் முடிஞ்சதும் இந்த சைக்கிளை வித்துட்றேங்கா. ஒரு சாதா வண்டி போதும். வேலைக்கு வரப் போக.”

ஐந்தாவது கம்பியின் அருகே ஜொவிட்டாவின் நகம் எதிலோ தட்டியது. கைப்பேசியின் விளக்கைப் போட்டுக் குனிந்தாள். துளையின் ஓரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பியிருந்தது. தலைமயிர் கனம். விரலால் தடவினால் தெரியாது, நகத்துக்குத் தெரிந்தது. சக்கரத்தைச் சுற்றினாள். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை, இன்னொரு கோடு. அரைச் சுற்றுத் தளர்த்தி ஆகிற காரியமில்லை. சாவியைக் கீழே வைத்தாள்.

“கயல், இங்க வா.”

கயல் இறங்கி வந்து குந்தினாள். ஜொவிட்டா விளக்கைக் காட்டினாள்.

“இதுவுமா?” என்றாள் கயல். குரல் இறங்கிவிட்டது. “இன்னாக்கா இது. ரெண்டுமே டுபாக்கூரா?”

“ரிம் நல்ல ரிம்.”

“பிளந்துகினு கீது, நல்ல ரிம்முன்ற.”

“ரிம்ல தப்பு இல்ல. நான் தப்பாக் கட்டிட்டேன்.” ஜொவிட்டா நோட்டை எடுத்துப் பிரித்து இரண்டு எண்களையும் காட்டினாள். சின்னச் சக்கரத்துக்குச் சின்னக் கம்பி, பெரியதுக்குப் பெரியது. இரண்டிலும் ஒரே சத்தம் வரும்வரை முறுக்கினேன். பெரியது அந்தச் சத்தத்துக்கு வர ரொம்ப இறுகணும். இந்த ரிம் நூற்றிருபதுதான் தாங்கும், நான் நூற்றுமுப்பத்திரண்டு வச்சிருந்தேன் என்று சொன்னாள். வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொல்ல வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. “செந்தில் ரிம்மை இப்படிக் கட்டியிருந்தாலும் ஒடைஞ்சிருக்கலாம். நீ வாங்கினதுல தப்பே இல்ல.”

கயல் நோட்டை வாங்கிப் பார்த்தாள். எண்களின் மேல் விரல் வைத்துப் படித்தாள்.

“அப்ப சைனாக்காரி ஏமாத்தல.”

“இல்ல.”

“நான் ஏமாறல.”

“இல்ல கயல்.”

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். “அய்ய, அந்த ஆதிலு நூடுல்ஸ் போட்டானேக்கா. அவனுக்கு இருக்கு.” எழுந்து நின்றாள், மறுபடி குந்தினாள். தாங்கியிலிருந்து சக்கரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கறுப்பு வளையத்தின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முழுச் சுற்று தடவினாள். “பாவம். உன்ன என்னென்னமோ பேசிட்டேன்” என்று அதனிடம் சொன்னாள்.

ஜொவிட்டா சாவியை எடுத்து டப்பாவில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு என் சைக்கிளிலிருந்து நல்ல சக்கரம் தர முடியாது, அளவு சேராது. செந்தில்குமாரிடம் கேட்டு வாங்கித் தருகிறேன். குழுவில் எல்லோர் முன்னாலும் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். கயல் தலையாட்டினாள். கேட்டாளா என்று தெரியவில்லை. அவளுடைய கட்டைவிரல் நகம் கோட்டைக் கண்டுபிடித்திருந்தது. அதன் மேல் போனது, திரும்பி வந்தது. தெருவில் ஓர் ஆட்டோ பின்னால் வந்து, திருப்பி, போனது. கயல் கைப்பேசியை எடுத்து எதையோ தேடினாள். சரளை நொறுங்கும் சத்தமும் காற்று இரையும் சத்தமும் அவளே பாடுவதும் கேட்டன. கொஞ்ச நேரம் பார்த்தாள். நடுவில் நிறுத்தினாள். அந்த வீடியோவுக்குக் கீழே முந்தின நாள் ஜொவிட்டா அனுப்பியிருந்த ஒற்றை வரிக்குத் திரையை நகர்த்தி, அதைப் படித்தாள். சிரிப்பு முகத்திலிருந்து இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.

“அக்கா,” என்றாள். “இது உனுக்கு எப்போ தெரியும்?”